வெளியே விழுந்த தாழ்ப்பாள்

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உலக வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் அவள் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் கேட்பதை மக்களிடம் சொல்வாள். மக்கள் சொல்வதை அவர்களிடம் திருப்பிச் சொல்வாள். நடந்தால் சத்தமே வராது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் 'பூனை' என்று பட்டப்பெயர்.

அன்று கால்வாய்க்கரைக் குடியிருப்பில் ஒரு தையல்காரியின் வீடு. எத்தனை பேர், எத்தனை அறை, சுவர் செங்கல்லா தகரமா என்று உடன் வந்த பேராசிரியர் கேட்கக் கேட்க இவள் தமிழில் சொன்னாள்; பதில்களை அவர் பேப்பரில் குறித்துக்கொண்டார். தையல் மிஷின் நின்றது. வாசலில் கூட்டம் சேர்ந்தது. யாரோ கதவை இழுத்துச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கமும் இதே கேள்விதான் கேட்டாங்க. ரெண்டு மாசத்துல புல்டோசர் வந்துச்சு" என்றாள் தையல்காரி.

போன வருடம் அங்கே கேட்டதும் இவள் வாய்தான். அந்த வீடுகள் போய்விட்டது இவளுக்குத் தெரியாது.

"என்ன சொல்கிறார்கள்? டீ வேண்டுமா என்கிறார்களா?" என்று பேராசிரியர் தன் மொழியில் கேட்டார். கூரைத் தகரத்தில் ஒரு கல் விழுந்தது. அவர் பேப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இடிப்பாங்களா?" என்றாள் தையல்காரி.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம்.

"தெரியலம்மா. அங்கயும் நான்தான் வந்தேன். இடிச்சதே நீ சொல்லித்தான் தெரியுது."

சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள்.

தையல்காரி வெளியே பார்த்துக் கத்தினாள்: "மாமா, கதவைத் திறங்க! இந்தக்கா பொய் சொல்லல." பிறகு இவளிடம், "அந்தப் பேப்பரை மட்டும் வச்சிட்டுப் போங்க."

பேராசிரியர் கையிலிருந்ததை வாங்கி மிஷின் மேல் வைத்தாள். கூட்டம் வழிவிட்டது. யாரும் தொடவில்லை. பேராசிரியர் பின்னால் வர, கார் வரை நடந்தாள்.

மறுநாள் நிறுவன இயக்குநர் கூப்பிட்டார். "சொல்றதை மொழிபெயர்க்கத்தாம்மா உங்களுக்குச் சம்பளம். பதில் சொல்றதுக்கு இல்ல."

"கேள்வி என்னைத்தான் கேட்டாங்க சார்."

அவளை நூலகத்துக்கு மாற்றினார்கள். கால்வாய்க்கரை ஆய்வு கைவிடப்பட்டது என்றார்கள். வேறு ஆள் போகிறார் என்றும் ஒரு பேச்சு. நூலகத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போகும் பஸ் கால்வாய்க்கரை வழியாகத்தான் போகும். பாலம் ஏறும்போதே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். தகரக் கூரைகள் இன்னும் இருப்பது கண்ணில் படும்வரை பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் காதில் விழாது.