நாலு தடவை பேக்கிங் மாத்தின பிலேமோன்

எங்க லாபாஸ்ல, ஷேர் வண்டியா ஓடுற ஜீப்னிங்க நிக்கிற ஸ்டாண்டுல, என் பாச்சோய் நூடுல்ஸ் சூப்புக் கடைக்கு சாப்பிட வர்றவங்க, வாசல்ல இருக்கிற ஆயில் திட்டுல வழுக்காம உள்ள வர முடியல, அஞ்சு மாசமா. அது பிலேமோன் வண்டி நிக்கிற இடம். மரத்தூள் போட்டுப் போட்டு என் கை ஓஞ்சு போச்சு.

பிலேமோனுக்கு அம்பத்தாறு வயசு. அவன் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அந்த ஜீப்னி ஓடுது. வண்டி நெத்தியில தன் மூணு பொண்ணுங்க பேரும் எழுதியிருக்கான். பொண்டாட்டி நில்டா பேரு பின் மட்கார்டுல, சேறு தெறிக்கிற இடத்துல இருக்கு. இன்ஜினை வேற ஒருத்தன் தொட விடமாட்டான். மெக்கானிக் எல்லாரும் ஏமாத்துக்காரங்க, அவனுக்குத் தெரியாத இன்ஜினே உலகத்துல இல்ல, அப்படித்தான் பேச்சு.

ஜனவரித் திருவிழாவுல பாதிரியார் வந்து எல்லா வண்டிக்கும் தீர்த்தம் தெளிப்பாரு. இந்த வருஷம் இவன் பானெட்டைத் திறந்து வச்சு, இன்ஜினையும் ஓடவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்னான். இன்ஜின் மூச்சு விடுறதுக்கு ஒரு ரப்பர் குழாய் இருக்கும்ல, அது பாதிரியாரோட வெள்ளை அங்கி மேல ஆயில் புகையைத் துப்பிடுச்சு. அவரு தள்ளி நின்னு ரெண்டு சொட்டு விசிறிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டாரு. ஸ்டாண்டே சிரிச்சது, நானுந்தான். மறுநாளே பழைய ரப்பர் செருப்பை வெட்டி அந்தக் குழாய் வாயில சொருகி, கம்பி போட்டுக் கட்டிட்டான்.

அன்னைக்குப் பிடிச்சது இந்த ஆயில் ஒழுக்கு. மேல் மூடியில ஆயில் கசியாம அடைக்கிற பேக்கிங்கை மாத்தினான், கீழ ஒழுகுச்சு. கீழ மாத்தினான், முன்னாடி ஒழுகுச்சு. மூணாவது தடவை சிவப்பு சிலிக்கானை அப்பி, இன்ஜினுக்கு உதட்டுச் சாயம் பூசின மாதிரி ஆக்கி வச்சான்.

"அந்தக் குழாயை அடைச்ச நாள்லருந்துதானே இந்தக் கூத்து? மூச்சு முட்டித்தான் கண்ட இடத்துல ஆயிலைத் துப்புது போல, திறந்து விட்டுப் பாரேன்"னு சொன்னேன்.

"நீ நூடுல்ஸைப் பாரு மனாங். இன்ஜின் ஆம்பளைங்க சமாச்சாரம்."

மனாங்னா எங்க ஊர்ல அக்கான்னு அர்த்தம். சரிதான்னு விட்டுட்டேன். ஆனா ஜூன் மாசம் வண்டிச் சோதனை வந்துச்சு. ஆயில் ஒழுகினா வண்டி ஓட்டத் தகுதிச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லன்னா லைன்ல இடம் போயிடும், அந்த இடத்துக்குப் பதினோரு ஆளுங்க பேரு குடுத்துட்டு உக்காந்திருக்காங்க. இந்த வயசுல வேற எந்த வேலைக்குப் போவான்? நில்டா ரெண்டு நாளா சரியா சாப்பிடல.

சோதனைக்கு முதநாள் நாலாவது பேக்கிங் போட்டுட்டு, "இப்பப் பாருங்கடா"ன்னு பானெட்டை மூடாமலே ஆக்சிலேட்டரை மிதிச்சான். ஆயில் அளக்கிற குச்சி டபார்னு எகிறி, பின்னாலேயே ஆயில் பீச்சி, என் சூப்பு அண்டாவுல விழுந்துச்சு. விடியக்காலை மூணு மணிக்கு ஏத்தின சூப்பு. எனக்கு வந்த கோவத்துல, நூடுல்ஸ் எடுக்கிற இடுக்கியோட போயி, கம்பியை முறுக்கி, அந்தச் செருப்புத் துண்டைப் பிடுங்கி அவன் காலடியில எறிஞ்சேன். குழாய் பொஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு. சாயங்காலம் வரைக்கும் வண்டிக்கு அடியில ஒரு சொட்டு இல்ல.

மறுநாள் நில்டா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீயும் கூடப் போ மனாங். வழியில மறுபடி எதையாவது சொருகிடுவாரு."

சோதனைக்காரர் இன்ஜினைப் பாத்ததும் சிரிச்சாரு. கீழ அட்டை விரிச்சு கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாத்தாரு, சொட்டல. ஆனாலும் முத்திரையை எடுக்கல.

"இவ்வளவு சிலிக்கான் பூசி, கழுவித் துடைச்சு கொண்டாந்திருக்கே. எதனால ஒழுகுச்சு?"

"ஆயில் சரியில்ல சார்."

"காரணம் தெரியலன்னா அடுத்த வாரம் மறுபடி ஒழுகும். சரி பண்ணிட்டு வா." முத்திரை குத்தாமலே சீட்டைத் திருப்பி நீட்டினாரு.

பின்னாடி வரிசையில எங்க ஸ்டாண்டு வண்டி ஒண்ணும் இல்லையான்னு பிலேமோன் நல்லாத் திரும்பிப் பாத்துக்கிட்டான். அப்புறம் கீழே பாத்துக்கிட்டே சொன்னான்.

"மூச்சுக் குழாயை நாந்தான் சார் அடைச்சேன். செருப்பு வச்சு."

"யாரு கண்டுபிடிச்சா?"

"இவங்க."

"இவங்க மெக்கானிக்கா?"

"பாச்சோய் கடை சார்."

அவரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே முத்திரையைக் குத்தினாரு. பத்து வருஷமா இவன் வாயால இப்படி ஒண்ணைக் கேக்கணும்னு இருந்தவ நான். ஆனா அவன் காது மடல் செவந்து நின்னதைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வரல. பாவமாத்தான் இருந்துச்சு.

திரும்பி வர்றப்போ பாலம் தாண்டினதும் வண்டி வேகத்தைக் குறைச்சான். அப்புறம் மெல்ல, "மனாங், இதை ஸ்டாண்டுல யார்கிட்டயும் சொல்லிடாதே"ன்னான்.

சரின்னேன். ஸ்டாண்டு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.