முதல் முளைப்பாரியும் ஒரு நுழைவுத் தேர்வும்

கடலாடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் பரீட்சை என்றால் இரண்டுதான். ஒன்று போலீசுக்கு எழுதுவது, இன்னொன்று விஏஓவுக்கு எழுதுவது. மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். பெரிய மேலாண்மைக் கல்லூரிகளில் எம்பிஏ சேர்வதற்கான நுழைவுத் தேர்வு அது. "கடை வைக்கிறதுக்கா ஒரு பரீட்சை?" என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. ஊரில் ஏற்கெனவே மூன்று கடைகள் இருந்தன. மூன்றையும் வைத்தவர்கள் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை, கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

எனக்காக வாதாடியவர் அய்யா, அதாவது என் அப்பா ஒருவர்தான். மிளகாய் விவசாயி. இந்தப் படிப்பு என்னவென்று அவருக்கும் தெரியாது என்றாலும், தெரியாத விஷயத்தில் அடித்துப் பேசுவதில் எங்கள் குடும்பத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெரிய பெரிய கம்பெனிகளை எல்லாம் இதைப் படித்தவர்கள்தான் மேய்க்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வருவார். அப்புறம் என்னிடம் ரகசியமாக, "மேய்க்கிறதுதானே தாயி?" என்று உறுதிப்படுத்திக்கொள்வார். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

வீட்டில் சிக்னல் கிடைக்காது. கண்மாய்க் கரையில் ஏறி, கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான் ஆன்லைன் வகுப்பு ஓடும். வகுப்பு எடுத்தவர் வடக்கே ஏதோ நகரத்தில் ஏசி அறையில் இருந்துகொண்டு, எல்லாரையும் கைஸ் கைஸ் என்று கூப்பிடுவார். இந்தப் பக்கம் நானும் நாலு வெள்ளாடுகளும் கைஸாக நிற்போம். அவர் சொல்லித்தந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது வட்ட மேசைக் கணக்கு. எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும், இவருக்கு அவர் பக்கத்தில் உட்காரப் பிடிக்காது, அவருக்கு இன்னொருவர் எதிரே இருந்தால் ஆகாது, யாரை எங்கே உட்கார வைப்பது? மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கணக்கை நான் சட்டென்று போட்டுவிடுவேன். எங்கள் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் ஒருமுறை ஆள் உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்கு அது ஒரு கணக்கே இல்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மனுக்குக் காப்புக் கட்டி, சட்டியில் தானியம் முளைக்கவைத்து முளைப்பாரி எடுப்போம். மஞ்சள் துணியில் தானியம் முடிந்த காப்பைப் பூசாரி ஒரே ஒரு வீட்டுக் கன்னிப்பெண்ணின் கையில் கட்டுவார். காப்பு இருக்கிற வீட்டு முளைப்பாரிதான் ஊர்வலத்தில் முதலில் போகும், முதல் மரியாதையும் அந்த வீட்டுக்குத்தான். கட்டிய காப்பைத் திருவிழா முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. முடிந்த அன்று அவிழ்த்து வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டால், அந்த வீட்டுக்குத் திருவிழா முடிந்தது என்று அர்த்தம்.

அந்த முதல் மரியாதை பல வருடங்களாகப் பெரியப்பா வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா என்றால் அய்யாவுக்குக் கூடப்பிறந்தவர் இல்லை, பங்காளி. ஊரில் எங்களுக்கு ஒரு எதிர்த்தரப்பு உண்டு, அதற்கு அவர்தான் தலை. இந்த வருடம் எங்களுக்கு விடு என்று அய்யா கேட்க, முடியாது என்று அவர் சொல்ல, பங்குனியில் நடக்க வேண்டிய திருவிழா நின்றுபோனது. தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் இந்த முறை எங்களுக்கு என்று முடிவாகி, அய்யா மீசையைத் தடவிக்கொண்டு வந்து தேதியைச் சொன்னார். கார்த்திகையில், என் பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு, என் கையில். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, மதுரையில். வருடம் முழுக்கக் கண்மாய்க் கரையில் வெயிலில் நின்று படித்ததை நினைத்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

காப்புக் கட்டியவள் ஊரைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. நல்லவேளையாக எனக்கு நடுப்பகல் நேரம் விழுந்திருந்தது. காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடலாம் என்று அய்யா ஊர்க்கூட்டத்தில் கேட்டார். பெரியப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் வெளியே போகிற பிள்ளை வழியில் பரோட்டா சாப்பிட்டுத் தீட்டாக்கிவிட்டால்? எனவே அவர் தரப்பில் ஒரு சாட்சியும் கூட வரவேண்டும் என்றார். அந்தச் சாட்சி வேறு யாருமில்லை, அவரேதான்.

அப்படித்தான் ஒரு வாடகைக் காரில், முன்சீட்டில் பெரியப்பாவும், பின்சீட்டில் தூக்குவாளியில் தயிர்சாதத்தோடு அய்யாவும் நானுமாகப் பரீட்சை எழுதப் போனோம். பேச்சுவார்த்தைக்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. கண்ணாடியை இறக்கலாமா என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். நான் ஒரு பக்கம் சூத்திரங்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் இரண்டு நாடுகளுக்குத் தூதராகவும் வேலை பார்த்தேன்.

மையத்தின் வாசலில் சோதனை. தோட்டைக் கழற்று, கொலுசைக் கழற்று. எல்லாம் கழற்றினேன். அப்புறம் அந்தப் பெண் காவலாளி என் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கயிறாக இருந்தால் விட்டிருப்பேன், உள்ளே ஏதோ முடிந்திருக்கிறது, அவிழ்த்துவிட்டு வா என்றார். தானியம் என்று சொன்னேன். நம்பவில்லை. அதற்குள் பிட்டு வைத்துக் கொண்டுவந்த பிள்ளைகளை அவர் பார்த்திருப்பார் போல. அய்யா வந்து அம்மன் என்றார், ஐதீகம் என்றார், தாசில்தார் பெயரைக்கூட இழுத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்டைக் காட்டி, மூடும் நேரம் ஆகிவிட்டது என்றார்.

அவிழ்த்தால் அய்யா கையில்தான் கொடுக்க வேண்டும். அவர் வாங்கினால் எங்கள் வீட்டுக்குத் திருவிழா முடிந்துவிடும். தரையில் வைத்தாலோ ஊருக்கே ஆகாது. அய்யா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எட்டுப் பேரை வட்ட மேசையில் உட்கார வைக்கத் தெரிந்த எனக்கு, மூன்று பேர் நிற்கிற இடத்தில் ஒரு வழியும் தோன்றவில்லை.

பெரியப்பா முன்னால் வந்து கையை நீட்டினார்.

"இங்கன கட்டு தாயி. கீழ இறங்கலைல்ல, கைதான் மாறுது. பிள்ளை படிப்பு முக்கியம்."

அய்யா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கட்டு" என்றார்.

கட்டிவிட்டு ஓடினேன். ஓடும்போது பெரியப்பாவை இவ்வளவு நாளும் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால், படித்துப் பதில் சொல்ல வேண்டிய முதல் பத்தி தேனீக்கள் எப்படிக் கூடி முடிவெடுக்கின்றன என்பதைப் பற்றி. என்னவோ எடுத்துத் தொலையட்டும் என்று கணக்குப் பக்கம் ஓடவும் வழியில்லை, ஒவ்வொரு பகுதிக்கும் நேரத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்த வட்ட மேசை அந்த முறை வரவேயில்லை.

வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பெரியப்பாவிடம் கையை நீட்டினேன். அவர் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கட்டுன காப்பை அவுக்கக் கூடாதுல்ல?" என்றார்.

சிரிக்கக்கூட இல்லை மனிதர். இத்தனை மாதப் பேச்சுவார்த்தையில் எங்களுக்குக் கிடைத்ததை ஒரு கேட் வாசலில் திருப்பி வாங்கிக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பரமக்குடி வருவதற்குள் குறட்டையும் விட்டார். நான் கொதித்துப்போய் அய்யாவைப் பார்த்தேன். அவர் தூக்குவாளியைத் திறந்து, சாப்பிடு என்றார்.

ஊரில் பெரிய விவாதம் நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. பூசாரி பெரியப்பாவின் கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், காப்பு எங்கே இருக்கிறதோ அந்த வீடு என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவின் பேத்தி முதல் முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அய்யா கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தை மாதம் முடிவு வந்தது. மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் நான் கேட்ட கல்லூரி எதற்கும் போதாது. போலீசுக்கு எழுதியிருந்தால் இந்நேரம் ஓடவாவது விட்டிருப்பார்கள் என்று டீக்கடை தீர்ப்புச் சொன்னது. அய்யா மிளகாய்க் காட்டில் களை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே போய் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சீட்டும் கிடைக்கல, உங்க மரியாதையும் என்னாலதான் போச்சு, ரெண்டும் போச்சுய்யா என்றேன்.

அவர் நிமிர்ந்து முதுகை நெளித்துக்கொண்டார்.

"அவரு கையை நீட்டுனப்பவே தெரியும், அது திரும்ப வராதுன்னு. பிறந்ததுலருந்து பாக்குறேன்ல அந்த ஆளை. கேட்டை மூடப் போனாங்க தாயி, நான் என்னத்தச் செய்ய?"

எனக்கு அழுகை நின்றுபோய், அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவர் மறுபடியும் குனிந்து களையைப் பிடுங்கினார்.

"அடுத்த பரீட்சை என்னைக்குன்னு மொதல்லயே பாத்துச் சொல்லிரு. திருவிழா அன்னைக்கு வராம நான் பாத்துக்கிறேன்."

திருவிழா தள்ளிப்போவதற்கு வேண்டிய சண்டையை அன்று சாயந்திரமே டீக்கடையில் ஆரம்பித்து வைத்தார்.