கால் எட்டிய வண்டி

நான் குள்ளம். நாற்பது வயதுக்கு மேல் மோட்டார் சைக்கிள் வாங்கக் கிளம்பியபோதுதான் அது ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது.

கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிசியோதெரபிஸ்ட் வேலை. பக்கவாதம் வந்து வீட்டோடு இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் பண்ணைக்காட்டுப் பக்கம். பஸ்ஸை விட்டால் ஜீப்தான். அதுவும் ஆள் நிறையும்வரை நகராது. என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. காப்பித் தோட்டத்துக் கல் பாதைகளில் அதன் சின்னச் சக்கரம் குழிக்குக் குழி இறங்கி என்னைக் கீழே தள்ளியது. கியர் வண்டி கல்யாணத்துக்கு முன்பே அண்ணனிடம் பழகியிருந்ததால், அதையே வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு வண்டிகள் விலைக்கு வந்தன. ஒன்று, மாற்றலாகிப் போகும் ஆசிரியர் ஒருவருடையது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. ஏறி உட்கார்ந்தால் என் கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது.

மற்றது, பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் பாயுடைய பழைய வண்டி. அவரும் என் உயரம்தான். தனக்கு ஏற்றபடி வண்டியின் உயரத்தை நன்றாக இறக்கி, அகலமான ஹேண்டில் பாரும் தோல் சீட்டும் போட்டு, டேங்குக்குக் கரும்பச்சை அடித்திருந்தார். உட்கார்ந்ததும் என் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கடைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

"காலு எட்டுதுல்ல? இதையே எடு" என்றார் என் கணவர். ஓட்டலில் சமையல் வேலை பார்ப்பவர். சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

"உங்களுக்காக வேற ஆளுகளத் திருப்பி அனுப்பிட்டேன் சிஸ்டர்" என்றார் பாய். "ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பண்ணைக்காட்டுச் சாலையில் இறங்கினேன். பாய் தன் ஸ்கூட்டரில் என் கணவரை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். நேர்ச் சாலையில் வண்டி மிதந்தது. இடது பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்த்தேன். அடியில் இரும்பு தார் ரோட்டில் உரசிக் கிறீச்சிட்டது. அதற்கு மேல் வண்டி சாயவில்லை. திரும்பாமல் எதிர்ப்பக்கம் ஓடியது. கீழேயிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். பஸ் டிரைவரும் அழுத்தியிருக்க வேண்டும். பஸ்ஸின் முகப்பு விளக்கு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அடி கிடி பட்டுச்சா தாயி?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

பாய் ஓடிவந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். சைடு ஸ்டாண்டின் நுனி தேய்ந்து பளபளத்தது.

"ஏரியச் சுத்தி ஓட்டத்தான் இத எறக்குனேன் சிஸ்டர். வளைவுல கொண்டாந்ததே இல்ல. எனக்கு அது தோணாமப் போச்சே! வேணாம். இனி நீங்களே கேட்டாலும் தர மாட்டேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் கணவர் முதுகைத் தடவினார். பயம் இருந்ததுதான். ஆனால் அந்த அழகான வண்டியை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடிந்திருக்காது. பாயே வேண்டாம் என்றதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

மறுநாள் ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். கால் எட்டாததைச் சொன்னேன்.

"ரெண்டு காலும் எதுக்கு டீச்... சாரி, மேடம்?" என்று சிரித்தார். "நிக்கிறப்ப இடுப்ப ஒரு பக்கமா நகத்தி ஒத்தக் கால ஊணுங்க. போதும்."

பள்ளி மைதானத்தில் பழகினேன். ஒரு முறை வண்டியோடு சரிந்தேன்; என் கணவர் ஓடிவருவதற்குள் எழுந்தும்விட்டேன். சாயங்காலத்துக்குள் நிற்பதும் கிளம்புவதும் கைவந்துவிட்டன. அந்த வண்டியையே வாங்கி, சீட்டின் பஞ்சைக் கொஞ்சம் குறைத்த பிறகு பாதிப் பாதம் ஊன்றியது.

அடுத்த வாரம் அதே வளைவுக்குத் தனியாகப் போனேன். ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்துச் சாய்த்தேன். சொன்னபடி சாய்ந்து, சொன்னபடி நிமிர்ந்தது. ஹெல்மெட்டுக்குள் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

பண்ணைக்காட்டில் என் முதல் நோயாளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டியவர், வலது கை விழுந்து, பேச்சும் குழறிப் போனவர்.

"என்ன... வெள்ளனே?" என்றார்.

"இனிமே இப்பிடிச் சீக்கிரமாத்தான் வருவேன்."

வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். "நீங்களா... ஓட்டுனது?"

"ஆமாங்கய்யா. கைய நீட்டுங்க, ஆரம்பிக்கலாம்."