புலி வால்வு

கீழ்த்தளத்துத் தையலக்காவுக்கு யாரும் முடிசூட்டவில்லை. சூட்டியிருந்தாலாவது விற்றுத் தின்றிருக்கலாம். அவளுக்குக் கிடைத்தது ஒரு சாவிதான். மாடிப்படிக்கு அடியில், அவள் வாசலை ஒட்டி, ஒரு கம்பிக் கூண்டு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரைத் தளத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடும் மூன்று வால்வுகள் அதற்குள். அந்தக் கூண்டின் பூட்டுச் சாவி.

கூண்டு வருவதற்கு முன்னால் வால்வுகள் சும்மா கிடந்தன. யார் வேண்டுமானாலும் திருகலாம். இரண்டாம் தளத்துக்காரர் குளிக்கப் போகும்முன் முதல் தளத்தை அடைத்துவிட்டுப் போவார். முதல் தளத்து அம்மா இறங்கி வந்து அதைத் திறந்து, வந்த கையோடு இரண்டாம் தளத்தை அடைப்பாள். உடனே அவர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். இப்படியே போய், ஒருநாள் ஸ்பானரால் ஒருவர் மண்டை உடைந்தது. அன்று சாயங்காலமே படிக்கட்டின் கீழே எல்லோரும் கூடினார்கள்.

முதல் தளத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பாடத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

"எல்லாருக்கும் எல்லாத்து மேலயும் உரிமை இருக்கறதாலதான் யாருக்கும் தண்ணி இல்ல. ஆளாளுக்கு இருக்கற உரிமையை விட்டுக்குடுத்து ஒருத்தர் கையில மொத்தமா ஒப்படைச்சிடுவோம். அவங்க திறந்தா திறப்பு, அடைச்சா அடைப்பு. எதிர்த்து யாரும் பேசக்கூடாது. அரசாங்கம்னு ஒண்ணு இப்படித்தான் வந்ததுன்னு வெச்சுக்குங்க" என்றார்.

யார் கையில் கொடுப்பது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒருத்தரை ஒருத்தர் நம்பினால்தானே! கடைசியில் எல்லோர் கண்ணும் திறந்திருந்த கதவுக்குள் போனது. உள்ளே தையலக்கா ஒரு கவுனின் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் துணியில், வாய் நிறைய குண்டூசி.

"அக்கா எப்பவும் வீட்டுலதானே சும்மா இருக்கு" என்றது ஒரு குரல்.

பொழுது விடிந்ததிலிருந்து மிஷின் மிதிக்கிறவள் சும்மா இருக்கிறாளாம். எல்லோரும் கை தூக்கினார்கள். அவள் பதறிப்போய் "ம்ம்ம்! ம்ம்ம்!" என்றாள். முடியாது என்று அர்த்தம். "மௌனம் சம்மதம்" என்றார் வாத்தியார். அவள் ஒவ்வொரு ஊசியாக எடுத்து வைத்துவிட்டு வாயைத் திறந்தபோது வாசலில் ஆள் இல்லை.

லேத் பட்டறை வேலை முடிந்து வந்த அவள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "புலி வாலைப் பிடிச்சவன் கதை கேட்டிருக்கேன். நீ புலி வால்வையில்ல பிடிச்சிருக்க."

அதன்பிறகு தண்ணீர் வந்தால் தொட்டியின் புண்ணியம், வராவிட்டால் தையலக்காவின் பாவம். தங்கை வீட்டுக்குப் போனால் ஓர் இரவு தங்க முடியாது. முதுகுக்குப் பின்னால் "மகாராணி" என்றார்கள். அப்படிச் சொன்ன முதல் தளத்து அம்மாவின் வால்வை ஒருதரம் வேண்டுமென்றே தாமதமாகத் திறந்தாள். கொஞ்ச நேரம் இனித்தது, பிறகு வெட்கமாகிவிட்டது. அரசாள்வது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

இரண்டாம் தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த டிரைவர்தான் முதன்முதலாக எதிர்த்தவன். "உங்க கூட்டத்துல நான் கை தூக்கலையே! உங்க சட்டம் எனக்கு எதுக்கு?" என்று வாத்தியாரிடமே கேட்டான்.

"குடிவந்து இந்தத் தண்ணியக் குடிக்கறீங்கல்ல? குடிச்சாலே ஒத்துக்கிட்ட மாதிரிதான்."

டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டே படியேறிப் போனான். கேட்டுக்கொண்டிருந்த தையலக்காவுக்குத்தான் வயிறு எரிந்தது. 'நானும்தானே தூக்கலை? என்னை எவன் கேட்டான்?'

இப்படி இருக்கும்போதுதான் கடைத்தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் கடைக்கார அம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். அங்கே துணி வெட்டும் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டாராம். "நீங்க வெட்டின துணியைப் பாத்திருக்கேன். திங்கக்கிழமை வந்துடுங்க. வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், சொல்லிட்டேன்."

காலமெல்லாம் கிழிந்ததையும் ஜிப் போனதையும் தைத்தவள் தையலக்கா. கடைகளில் மேஜையும் பெரிய கத்தரியும் ஆண்களுக்கு, காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் பெண்களுக்கு என்றுதான் அவள் பார்த்திருக்கிறாள். அகலமான மேஜையில் முழு பீஸைப் பரப்பி, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பத்துப் பேர் தைக்கப் போவதை அவள் வெட்ட வேண்டும். மாஸ்டர்! வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நேரே வாத்தியாரிடம் போய்ச் சாவியை நீட்டினாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதை வாங்கிக்க எனக்கு உரிமை இல்லம்மா. நாங்க எங்களுக்குள்ள ஒப்பந்தம் பண்ணிக்கிட்டோம். உங்ககூட யாரும் ஒப்பந்தம் பண்ணலை. பண்ணாத ஒப்பந்தத்தை எப்படி முறிக்கறது?"

"நீங்க குடுத்ததை நீங்க திருப்பி வாங்கிக்க முடியாதா?"

"நீங்க அநியாயம் பண்ணினா வாங்கலாம். நீங்கதான் நல்லாப் பண்றீங்களே!"

"ஆளைப் பிடிச்சு உக்கார வெச்சவங்களுக்கெல்லாம் பாடம் இருக்கு. உக்காந்தவ எந்திரிக்கறதுக்கு ஒரு பாடமும் இல்லையா சார்?"

வாத்தியார் யோசித்தார். "அதைப் பத்தி அவ்வளவா யாரும் எழுதலைம்மா" என்றார். நேர்மையான மனிதர்தான். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை அவளே கூட்டம் கூட்டினாள். இந்தமுறை முழுசாகப் பேசினாள். வேலையைச் சொன்னாள். தளத்துக்கு ஒரு வாரம் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாமே என்றும் சொன்னாள். முதல் தளத்து அம்மாவுக்கு முட்டிவலி வந்தது. வாத்தியாருக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. மற்றவர்களுக்கு ஷிப்ட் மாறியது.

"சரி, பெரும்பான்மை என்ன சொல்லுதுன்னு பாத்துடுவோம்" என்றார் வாத்தியார். "அக்காவே தொடரட்டும்ங்கறவங்க கை தூக்குங்க."

கைகள் மளமளவென்று எழுந்தன. அவற்றின் நடுவே எண்ணெய்க் கறை படிந்த நகத்தோடு ஒரு கை. அவள் வீட்டுக்காரருடையது.

"நீங்களுமா?" என்றாள்.

"இல்ல... எல்லாரும் தூக்கினாங்களேன்னு..." கை பாதியில் இறங்கி, தலையைச் சொறிவது போல நின்றது.

டிரைவர் மட்டும் தூக்கவில்லை. "அவங்கதான் வேண்டாம்ங்கறாங்களே, எப்படிங்க தூக்கறது?" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியை அவனிடம் நீட்டினாள். "ஐயய்யோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலீங்க!" என்று அவன் இரண்டு படி பின்னால் ஏறிக்கொண்டான்.

போதும் என்று ஆகிவிட்டது. கூண்டைத் திறந்தாள். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். "என்ன அக்கா, இப்படிப் பண்ணினா எப்படி?" என்று வெகுநேரம் தட்டினார்கள்.

திங்கட்கிழமை முழுக்க நின்றுகொண்டே வெட்டினாள். முதல் வெட்டுக்கு முன்னால் கோட்டை இரண்டு தரம் அளந்து பார்த்தாள், அப்புறம் கத்தரி அதன் போக்கில் போனது. தைக்கிற பெண்கள் "மாஸ்டர், இந்தக் காலர் எந்த சைஸ்?" என்று கேட்டபோது பின்னால் வேறு மாஸ்டர் யாராவது நிற்கிறாரோ என்று ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. குடத்தில் ஒரு சொட்டு இல்லை. உடம்பெல்லாம் துணித்தூசி, முகம் கழுவ வழியில்லை. வெளியே கூண்டருகே ஆளுக்கொரு வால்வைப் பிடித்துக்கொண்டு ஒரே கூச்சல்.

அவளைப் பார்த்ததும் முதல் தளத்து அம்மா பாய்ந்தாள். "காலையிலிருந்து எங்க போயிட்ட? யார் பாத்துக்கறது இதை?"

வழக்கமாக இந்த இடத்தில் தையலக்கா சமாதானம் சொல்வாள். தொட்டி அளவைச் சொல்வாள், கொஞ்சம் பொறுங்கள் என்பாள். அன்று உள்ளே போய் வாளியை எடுத்து வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எங்க வீட்டு வால்வை அடைச்சது எவன்யா?" என்று கட்டடமே அதிரக் கத்தினாள்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது, தண்ணீர் வருமா என்பதும் தெரியாது. ஆனாலும் எத்தனையோ நாளைக்குப் பிறகு, சண்டையில் அவளுக்கும் ஒரு கட்சி இருந்தது.

"தள்ளுங்க" என்று இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, தன் தளத்து வால்வைப் பிடித்தாள்.