பேச்சிக்கு ஒரு பள்ளிக்கூடம்

போன திங்கட்கிழமை எனக்கு ஆபீஸ் லீவு. லீவு என்றால் ஓய்வா? அதுதான் இல்லை... சிம்மக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளி வராந்தாவில் காத்துக் கிடந்தேன்.

எழுமலையிலிருந்து என் சித்தப்பா மகன் ஒச்சப்பன், தன் மகள் பேச்சியம்மாளை ஆறாம் வகுப்பில் சேர்க்க முதல் பஸ்ஸில் வந்திருந்தான். பேச்சி படுசுட்டி. ரேடியோ செய்தியை ஒரு தரம் கேட்டால் அப்படியே ஒப்பிப்பாள். பருத்தி மூட்டைகளின் எடையைச் சொல்லச் சொல்ல மனசிலேயே கூட்டிவிடுவாள். ஆனால் எழுத்து மட்டும் ஏறவே இல்லை. 'க'வும் 'த'வும் அவளுக்கு ஒன்றுதான். ஊர் வாத்தியார் நல்ல மனிதர். வாயால் கேட்டே ஐந்தாவது வரைக்கும் பாஸ் போட்டுவிட்டார்.

டவுன் பள்ளியில் வாசிக்கச் சொல்வார்களே? ஒச்சப்பன் ஒரு வேலை செய்தான். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மூத்த மகனை விட்டு உரக்கப் படிக்க வைத்தான். பேச்சி உட்கார்ந்து கேட்டாள். முழுப் புத்தகமும் மனப்பாடம்!

தலைமையாசிரியை ஒரு பாடத்தைப் பிரித்துக் கொடுத்தார். படத்தைப் பார்த்ததுமே பேச்சிக்கு எந்தப் பாடம் என்று தெரிந்துவிட்டது. மடமடவென்று வாசித்தாள் — அதாவது, சொன்னாள். அந்த அம்மாள் முகத்தில் அப்படியொரு திருப்தி. பக்கம் முடிந்தது... பேச்சி முடிக்கவில்லை. தாளைத் திருப்பாமலே அடுத்த பக்கத்தையும் சொல்லிக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான். ஏமாற்றவா கூட்டிக்கொண்டு வந்தாய் என்று ஒச்சப்பனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ஒத்தக்கடைப் பக்கம் மந்தபுத்திப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே கொண்டு போ என்றார். காதால் கேட்டே ஒரு புத்தகத்தை மனசில் ஏற்றிய பிள்ளை மந்தமா?

போனோம். வேறு வழி? அங்கிருந்த டாக்டரம்மா மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார், கணக்குக் கேட்டார், கதை கேட்டார். பேச்சி எதற்கும் தயங்கவில்லை.

"இது ரொம்பக் கெட்டிக்காரப் புள்ளைங்க. எழுத்து மட்டும் பிடிபடல. இதுக்குன்னு தனியா உக்காந்து, வேற மாதிரி சொல்லிக் குடுக்கணும். அப்படி ஒரு பள்ளிக்கூடம் எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் இல்ல."

தங்கள் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை வீணாகிவிடும் என்றும் சொன்னார். ஆக, சிம்மக்கல்லில் மந்தம் என்று இடமில்லை — இங்கே கெட்டிக்காரி என்று இடமில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது, சொல்லுங்கள்?

பஸ் ஸ்டாண்டில் ஒச்சப்பன், நாளையிலிருந்து பேச்சி அம்மாவோடு களையெடுக்கப் போகட்டும் என்றான். பஸ் வருகிற நேரத்தில் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இதுக்கு இம்புட்டு அறிவு இல்லாம இருந்திருந்தா, அங்கயாச்சும் சேத்திருப்பாகல்ல?"

பேச்சி அவன் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.