மீன் நிறைந்த கூடையோடு ஓர் ஒத்திகை

சாஹிரா மேடத்துக்கு ஜீப் ஓட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. பல்லாவரத்துத் தோல் வியாபாரி மகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளராகச் சேர்ந்ததும், தோல் பதனிடும் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அதற்கே அசராதவர், என் முணுமுணுப்புக்கா அசரப்போகிறார்? சாக்கடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பதுதான் எங்கள் வேலை என்று நினைத்திருந்தேன். "ஆபத்து வர்றதுக்கு முன்னாடி ஜனங்களைத் தயார் பண்றதும் நம்ம வேலைதான், தயாளன்" என்பார்.

இரும்புலியூரில் ஒரு ஐஸ் ஃபேக்டரி. உள்ளே குளிரூட்ட அம்மோனியா வாயு. கசிந்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும், உயிரே போகலாம். விடிந்ததும் கோவளம் பக்கத்து மீன்காரப் பெண்கள் முப்பது பேர் மீனுக்கு ஐஸ் வாங்க அதன் வாசலில் கூடைகளோடு நிற்பார்கள். மேடத்தின் கவலை முழுக்க அவர்கள்மேல்தான். காற்றடிக்கும் திசை தெரிய, தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு சிவப்புத் துணி கட்டவைத்தார். சங்கு ஊதினால் முந்தானையை நனைத்து மூக்கை மூடு, துணி பறக்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் ஓடு. பாடம் அவ்வளவுதான்.

முதல் ஒத்திகை ஒரு மத்தியானம். இரண்டே நிமிடத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கத்து மைதானத்துக்குப் போய்விட்டார்கள். வந்திருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். திரும்பும் வழியில் மேடம் கேட்டார்:

"தயாளன், கூடையெல்லாம் காலியாதானே இருந்துச்சு?"

"ஆமா மேடம், வியாபாரம் முடிஞ்சுபோச்சே."

"தப்புப் பண்ணிட்டேன்."

மறுநாள் மேலதிகாரி சரோஜினியிடம் போய், ஒத்திகை தோல்வி என்று அறிக்கையைத் தானே மாற்றி எழுதிக் கொடுத்தார். கைதட்டு வாங்கியதைத் தோல்வி என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த ஒத்திகை காலை ஆறு மணிக்கு. சங்கு ஊதியதும் ஒவ்வொருத்தியும் முதலில் கூடையைத்தான் தூக்கினாள்.

"மீன வுட்டுட்டுப் போனா நாய் தின்னும் மேடம். அப்பறம் வூட்ல இன்னாத்த துன்றது?" என்றாள் அவர்களில் மூத்தவளான பொன்னி.

மேடம் பொன்னியின் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்தபடி, நனைத்த துப்பட்டாவால் மூக்கை மூடி ஓடினார். பத்தடி தாண்டுவதற்குள் கூடை சரிந்து, நெத்திலி மொத்தமும் தெருவில் கொட்டியது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கிக் கழுவிக் கொடுத்தார். பொன்னியின் சிரிப்பு நின்றது.

"கூடைய வெச்சுகினு ஓட முடியாதுதான்" என்றாள்.

பிறகு மாதம் ஒருமுறை, மீன் நிறைந்த கூடையோடு வந்து, அதை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடுவதுதான் ஒத்திகை.

ஐப்பசியில் ஒருநாள் காலை, காட்டாங்குளத்தூரில் இருந்தபோது போன் வந்தது. ஃபேக்டரியில் குழாய் வெடித்துவிட்டது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன். தூரத்திலேயே நெடி. தீயணைப்பு வண்டிக்கு அப்பால், ஃபேக்டரி வாசலில் கூடைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

மேடம் சிவப்புத் துணியைப் பார்த்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு விடச் சொன்னார். ஈர முந்தானையும் இருமலுமாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மேடம் விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார். பாதியில் கண்ணீர் மறைத்து எண்ணிக்கை தவறியது.

"நாங்க அல்லாரும் இங்கதான் கீறோம் மேடம். மீனுதான் அங்க கீது" என்றாள் பொன்னி.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து எண்ணினார்.