வன்னியபெருமாள் வண்டி நிறுத்தும் அழகு

தபாலாபீஸ் திருப்பம் கண்ணில் பட்டதுமே வன்னியபெருமாளின் வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்துவிடும். சவாரிக்காரர் இறங்க வேண்டிய இடம் இன்னும் எங்கேயோ இருக்கும். ஸ்டீயரிங்கின் இடுப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பை நாலிலிருந்து மூன்றுக்கு இழுப்பார். வண்டி ஒரு முனகு முனகும். மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளுவார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், பின்சீட்டுக்காரரின் வெற்றிலைச் சாறு வேட்டியில் சிந்தும். அப்புறம் நியூட்ரல். சாவியைத் திருகி எஞ்சினையும் அணைத்துவிட்டு ஒரு காலை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொள்வார். மஞ்சள் தலை வைத்த அந்தக் கறுப்பு அம்பாசடர், பாய் இறக்கிய தோணி மாதிரி சத்தமில்லாமல் மிதந்துபோய், தனக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே நிற்கும்.

பிரேக்கை மட்டும் தொடமாட்டார். அப்படி ஒரு விரதம் அவருக்கு.

"பிரேக்கை மிதிக்கவன்லாம் டிரைவராலே? போற எடம் எதுன்னு தெரியாதவன் மிதிப்பான். எனக்கு என்னத்துக்கு?" என்பார். டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு அடுத்து வண்டி போடுகிற ஹென்றி முகத்துக்கு நேராகவே இதைச் சொல்லுவார். ஹென்றி சிரிப்பான். அவன் வண்டி, சவாரிக்காரர் கை காட்டிய வாசலில் கதவு நேராக வந்து நிற்கும். வன்னியபெருமாள் வண்டியோ பத்தடிக்கு முன்பே நிற்கும், இல்லையென்றால் பத்தடி தாண்டி நிற்கும். மழைத் தண்ணீரில் இறங்கி நடந்து வருகிற பெரிய மனிதர் ஏதாவது சொன்னால் அதற்கும் பதில் உண்டு. "வண்டி சரியாத்தான் நின்னிருக்கு அண்ணாச்சி. ஒங்க வீடுதான் தள்ளி இருக்கு."

இந்த வித்தையை எங்கே படித்தார் என்கிறீர்கள்? உப்பு லாரியில். ஏரல் பக்கம் வயல்காட்டில் பிறந்த மனிதர் பிழைக்க வந்து ஏறியது உப்பு லாரி. ஈர உப்பு மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, அந்த லாரியின் பிரேக் டிரம்மெல்லாம் துருவேறிக் கிடந்தது. மிதித்தால் மிதித்த இடத்தில் கால் நிற்கும், வண்டி நிற்காது. ஆகவே கியரை இறக்கி இறக்கித்தான் அதை அடக்க வேண்டும். இல்லாத கொடுமைக்குச் செய்தது அது. பல் முளைக்காத காலத்தில் கஞ்சி குடித்த பிள்ளை, வளர்ந்த பிறகும் "எனக்குச் சோறு வேண்டாம், நான் கஞ்சிக்காரன்" என்று மார் தட்டினால் எப்படி இருக்கும்? நல்ல பிரேக் வைத்த வண்டி கையில் கிடைத்த பிறகும் இவர் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் விலை ஏறிய வருஷம் எல்லா டிரைவர்களும் கொஞ்சம் கொஞ்சம் வண்டியை உருட்டிப் பார்த்தார்கள். அதற்கும் தானே குரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரியுமல்லவா? அதுதான் அவர் பெருமைக்கு அடையாளம். "என் வண்டிக்குப் பின்னால செவப்பு எரிஞ்சு எவனாவது பாத்திருக்கியாலே? வாங்கும்போது போட்ட பல்பு, புதுப்பொண்ணு மாதிரி இருக்கு." தினம் காலையில் வண்டி துடைக்கும்போது மற்ற இடங்களில் துணி பட்டதும் படாததுமாக இருக்கும். அந்தச் சிவப்புக் கண்ணாடியை மட்டும் ஊதி ஊதித் துடைப்பார். எரியாத விளக்குக்கு அப்படி ஒரு சீராட்டு. அவர் மனைவி சீனித்தாய் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே இதைப் பார்ப்பாள். தலையில் அடித்துக்கொள்ளக் கை ஒழியாததால் பேசாமல் இருப்பாள்.

ஊராருக்கு நடப்பது வீட்டுக்கும் நடந்தது. மகள் அருணாசலவடிவை மாப்பிள்ளையூரணியில் கட்டிக்கொடுத்தார்கள். ஆனி மாதம் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போக, ஹென்றி வண்டியைச் சொல்லலாம் என்றாள் சீனித்தாய். "என் மவள என் கையால கொண்டுபோய் எறக்குவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார் இவர்.

மாப்பிள்ளையின் அம்மா பேச்சி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தெரு முழுக்கச் சனம். வன்னியபெருமாள் வழக்கம்போல மூன்று, இரண்டு, நியூட்ரல் என்று இறக்கி எஞ்சினை அணைத்தார். ஆனால் வண்டியில் கல்யாணப் பாரம். பின்னாலிருந்து கச்சான் காற்று வேறு, ஆனி மாதத்து மேற்குக் காற்று சும்மாவா அடிக்கும்? வண்டி நிற்கவில்லை. வாசல் வந்தது. பேச்சி தட்டைத் தூக்கினாள். வாசல் போயிற்று.

"மிதிங்க! மிதிங்க!" என்று பின்சீட்டிலிருந்து சீனித்தாய் கத்தினாள். அந்த மனிதருக்குக் காது கேட்டது. கால்தான் போகவில்லை. தெரு முழுக்கப் பார்க்கும்போது பின்னால் சிவப்பு எரியவிடுவாரா? மூன்று வீடு தாண்டி ஒரு சைக்கிள் கடை முன்னால் வண்டி நின்றது.

பின்னால் எடுக்கப் போனவரைப் பேச்சி தடுத்தாள். "பொண்ணு மாப்பிள இருக்க வண்டி பின்னால போவப்படாது! சுத்தி வரச் சொல்லுங்க!" அந்தப் பக்கத்தில் அது வழக்கம். வாழ வருகிறவள் பின்வாங்கி வரலாமா? ஊரணியைச் சுற்றி இன்னொரு முறை வந்தார்கள். அதற்குள் தட்டில் இருந்த சூடம் அணைந்துவிட்டது. இந்த முறை மனிதர் உஷாராகி வெகு முன்னாலேயே எஞ்சினை அணைத்தார். வண்டி நாலு வீட்டுக்கு முன்பே நின்றது. மறுபடி கிளப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் சேக்காளிகள் வேட்டியை மடித்துக் கட்டி, "ஐலசா" போட்டுத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார்கள். போட்டோக்காரன் அதையும் ஒரு படம் பிடித்தான்.

இறங்கி வந்து இவர் சொன்னது என்ன தெரியுமா? "காத்து கணக்கு கொஞ்சம் தப்பிட்டு."

கணக்கு தப்பியது அவருக்கு; பெயர் விழுந்தது பெண்ணுக்கு. "எல்லார் வீட்டு மருமவளும் வண்டில வருவா. நம்ம வீட்டுக்குத் தள்ளிக்கிட்டு வந்திருக்காவ" என்று அன்றைக்கே பேச்சி ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அருணாசலவடிவு என்கிற பெயர் அந்தத் தெருவில் எவருக்கும் நினைவில்லை. தள்ளுவண்டி. குழம்பில் உப்புக் குறைந்தால், "தள்ளுவண்டி வச்ச கொழம்புலா?" தண்ணீர் எடுத்து வரத் தாமதமானால், "ஏளா, ரெண்டு பேரு போய் அவளத் தள்ளிவிடுங்க." சின்னப் பிள்ளைகள்கூட "தள்ளுவண்டி அத்தை" என்று கூப்பிட்டன.

தலைப்பிரசவத்துக்கு வந்தவள் இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி அழுதாள். பிள்ளை பிறந்து, அவளைக் கொண்டுவிடுகிற நாள் குறித்தாயிற்று. "அப்பா வண்டியில நான் ஏறமாட்டேன்ம்மா. எம் பிள்ளைக்கும் அந்தப் பேரு வேண்டாம். ஹென்றி அண்ணன் வண்டியச் சொல்லு."

வன்னியபெருமாள் கொதித்துப்போனார். "எம் பேரன அடுத்தவன் வண்டியில ஏத்துவியளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சீனித்தாய் சத்தம் போடவில்லை. பிள்ளைக்குப் பொட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களே ஓட்டுங்க. மிதிங்க, மிதிக்காதீங்கன்னு நான் சொல்லல. அந்தத் தெருவுல போயி ஒங்க மவ பேரு என்னன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

 அவர் வெளியே போய்த் துணியை எடுத்து அந்தச் சிவப்புக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இந்த மனிதரை என்ன செய்வது என்று சீனித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா சொன்ன பிறகு மகள் மறுபேச்சில்லாமல் அப்பா வண்டியில் ஏறினாள். ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சீனித்தாய் அதே வண்டியில் போகவில்லை. தொட்டிலும் பலகாரப் பெட்டியுமாக ஹென்றி வண்டியில் பின்னால் வந்தாள். சீர் சாமான் வைக்க இடம் வேண்டும் என்று சொன்னது வெளியாருக்கு. முன் வண்டி மறுபடியும் மானத்தை வாங்கினால், தெரு முனையிலேயே மகளை இந்த வண்டிக்கு மாற்றிவிடலாம் என்பது மனசுக்குள்.

உப்பளத்து ரோட்டில் ஹென்றி வழியெல்லாம் புலம்பினான். "அண்ணாச்சிக்குப் பின்னால போறது கண்ணைக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்குக்கா. எப்பம் நிப்பாருன்னு எவனுக்குத் தெரியும்? ஒரு வெளக்கா, ஒரு வெட்டமா?"

"நீ தள்ளியே வா" என்றாள் சீனித்தாய்.

மாப்பிள்ளையூரணித் தெருவுக்குள் திரும்பியதும் கச்சான் முதுகில் அறைந்தது. வாசலில் பேச்சி தட்டோடு நின்றாள். போன தடவை தள்ளிய சேக்காளிகள் சைக்கிள் கடை முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் இப்போதே வேட்டியை மடித்துக்கொண்டிருந்தான். "எலே, தள்ள வேண்டியது வருதுலே!" என்று ஒரு குரல்.

முன் வண்டி மூன்றுக்கு இறங்கி முனகியது. இரண்டுக்கு இறங்கிக் குலுங்கியது. அப்புறம் சத்தமே இல்லை. மிதக்க ஆரம்பித்துவிட்டது. சீனித்தாய் பலகாரப் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். வாசல் வருகிறது. போகப் போகிறது.

"யக்கா!" என்றான் ஹென்றி. "அங்கன பாருங்க!"

முன் வண்டியின் பின்னால் ரத்தச் சிவப்பாக விளக்கு எரிந்தது. புது பல்பு அல்லவா, பட்டப்பகலிலும் பளிச்சென்று எரிந்தது. வண்டி குலுங்காமல், பூவை வைத்த மாதிரி நின்றது. பின்கதவு பேச்சியின் தட்டுக்கு நேராக இருந்தது.

ஹென்றி ஹாரனில் கை வைத்தான். சீனித்தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வன்னியபெருமாள் ஒரு முழங்கையை ஜன்னலில் வைத்து, தனக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தானா நின்னுட்டு" என்று பேச்சியிடம் சொன்னது பின்வண்டி வரைக்கும் கேட்டது. பேச்சி ஆரத்தி சுற்றினாள். வடிவு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்தாள். விளக்கு எரிந்தது. பிள்ளையின் துணி கதவில் மாட்டிக்கொள்ள, அதை எடுத்துவிட்டார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் மறு காலையும் ஊன்றி, வாசற்படி ஏறி, உள்ளே போன பிறகுதான் அது அணைந்தது.